இடதுபக்கத்துப் பெட்டி

கடைசியாகச் சவரிராயன் தன் மனைவி ரெஜினாவை உயிரோடு பார்த்தபோது, அவள் மூக்கின் மேலிருந்த ஆக்சிஜன் மூடியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்கயும் அந்த வாசன வருதுங்க" என்றாள். என்ன வாசனை என்று அவர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசனைதான், டெட்டாலும் கஞ்சியும் கலந்தது, வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்து, "பேசாதம்மா, மூடியப் போட்டுக்க" என்றார். அவள் கையை எடுத்தாள், மூடி கன்னத்தில் சப்பென்று ஒட்டியது. அவர் டீ குடிக்கக் கீழே போனார். லிப்டுக்குக் கூட்டமாக இருந்ததால் நாலு மாடியும் படியில் இறங்கினார். டீ ரொம்பச் சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தார். மேலே வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். ஊதிக் குடித்த அந்த நேரத்தை அவர் இரண்டு வருஷமாக நீட்டியும் குறுக்கியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்த மூன்று நாளாக அவரைக் குடைவது அந்த டீ இல்லை. கேட்காமல் விட்ட கேள்விதான். என்ன வாசனை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், நம்ம வண்டில வருமே அதுதான் என்று. அவள் சொல்லியிருப்பாள் என்பது இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. கோத்தகிரியில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற இந்தக் காலை ஒன்பதரை மணிக்கு, வெளியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் மஞ்சு மூடிக் கிடக்க, அவள் சொல்லாத அந்தப் பதில் மட்டும் காதில் தெளிவாகக் கேட்கிறது.

மதியம் மூன்றரைக்குக் கோயம்புத்தூரில் டாக்டர். ரெஜினாவைப் பார்த்த அதே டாக்டரம்மா. மகள் ஸ்டெல்லா சொல்லி வைத்திருக்கிறாள். காலையில் ஏழு மணிக்கே போன் செய்துவிட்டாள். "வண்டி ஹீட்டர் பில்டர மாத்திட்டீங்களாப்பா?" "மாத்தணும்." "மூணு நாளா மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டிருக்கீங்க. முடிஞ்சா மாத்திட்டு வண்டில வாங்க, முடியலன்னா பஸ் ஏறுங்க. அப்படியே அந்த வண்டில ஏறி உக்காந்துட்டு வராதீங்க, சொல்லிட்டேன்." "சரிம்மா" என்று சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. சளி இல்லாத வறட்டு இருமல், மூன்று மூன்றாக வந்து, கடைசியில் ஒரு விசில் மாதிரி உள்ளே இழுக்கும். அந்தப் பக்கம் அவள் குரலை இறக்கி, "அம்மா மாதிரியே இருமுறீங்கப்பா" என்றாள். மாதிரி என்று சொன்னாள். அந்தச் சொல்லைத்தான் அவர் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார். மாதிரிதான், அதே இருமல் இல்லை. நவம்பரில் மலையில் யாருக்குத்தான் இருமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பாதிப்பேர் இருமுகிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் தினமும் காலையில் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொள்வதில்லை. அது ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வாள் என்று யோசிக்கிறார், யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது, கையில் ஸ்க்ரூ டிரைவர் குளிர்ந்து கிடக்கிறது.

இந்தக் கார் அவருக்கு வாய்த்திருக்க வேண்டிய பொருளே இல்லை. இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, மழைக்கு முந்தின ஆகாயத்தின் நிறம். எஸ்டேட் முதலாளியின் மகன் லண்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜெர்மன் வண்டி. ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, தேயிலை பேக்டரியின் பழைய குடோனில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அங்கே முப்பத்தோரு வருஷம் பிட்டராக இருந்த சவரிராயன் ஓய்வு பெற்ற அன்று, "அத ஓட வச்சுட்டீங்கன்னா நீங்களே எடுத்துக்குங்க சவரி" என்று முதலாளி சொன்னார், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏழு மாதத்தில் ஓட வைத்தார். எட்டாவது வரை படித்தவர், மருமகன் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்துக் கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். இடதுபக்கம் ஸ்டியரிங் வைத்து ஓட்டுகிற நாட்டுக்காக எழுதிய புத்தகம் அது. பெடல், பிரேக் பூஸ்டர், வைப்பர் எல்லாம் படத்தில் ஒரு பக்கம், வண்டியில் மறுபக்கம். கண்ணாடியில் பார்த்துச் சவரம் செய்கிற மாதிரி. அதனால் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'மா' என்று எழுதி வைத்துக்கொண்டார், மாற்றிப் பார் என்பதற்கு. ஹீட்டர் பாடத்தில் இரண்டு படம் இருந்தது. ஒன்றில் இடது மூலையில் ஒரு காற்றுப் பெட்டி, அடுத்ததில் வலது மூலையில் ஒரு காற்றுப் பெட்டி. அவர் பார்த்தார், சந்தோஷப்பட்டார். "பாரு ரெஜினா, அவங்கவங்க ஊருக்குத் தக்கபடி ரெண்டு படம் போட்டிருக்கான். இங்க மட்டும் நாம மாத்திப் பாக்க வேண்டியதில்ல." அவள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். "மவராசன்" என்றாள். அவர் வலது மூலைப் பெட்டியைத் திறந்து, பழைய பில்டரை எறிந்துவிட்டு, பேக்டரியில் தேயிலை வாட்டுகிற அறையின் காற்றாடிக்குத் தூசு வடிகட்டப் போடுகிற வடிதுணியை அளந்து வெட்டி வைத்தார். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அதைத் தவறாமல் மாற்றினார். ஆறு வருஷம். ஆறு வருஷமும் அவள்தான் டார்ச் பிடித்தாள். அவள் நின்றது எந்தப் பக்கம்? இடதுபக்கம். பானெட்டுக்குள் குனிந்து, ஒரு கையை எதன் மேலோ ஊன்றிக்கொண்டு நிற்பாள். எதன் மேல் என்பது இப்போது அவருக்கு முன்னால் இருக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, நாலு கிளிப், மேலே இருபது வருஷத்துத் தூசு.

மூன்று நாளைக்கு முன்னால் ஸ்டெல்லா அனுப்பின பார்சல் வந்தபோது உள்ளே இரண்டு பில்டர் இருந்தது. ஒன்று உபரி என்று நினைத்தார். ஒன்றை வலது பெட்டியில் வைத்துப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியே எடுத்து மற்றதை வைத்தால் உட்காரவில்லை. ஒரு மூலை சரிவாக வெட்டியிருந்தது, அந்தச் சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது. திருப்பிப் போட்டார், கவிழ்த்துப் போட்டார், சேரவில்லை. அப்புறம் இரண்டையும் கையில் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக முகம் பார்க்க வைத்தார். கும்பிட்ட கைகள் மாதிரி சேர்ந்துகொண்டன. அப்படியே நின்றார். குக்கர் சத்தம் கேட்டுத்தான் உள்ளே போனார், பருப்பு அடிப்பிடித்திருந்தது. பெட்டி இரண்டு. இரண்டும் இந்த வண்டிக்குத்தான். ஒன்றை ஆறு வருஷம் கோயில் பாத்திரம் மாதிரி துடைத்து வைத்தார், மற்றது இருக்கிறதென்றே தெரியாது. அப்படியானால் அவள் சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன்பா, ஏழா, முதல் பனிக்காலத்திலேயே அவள் சொன்னது. "என்னங்க, ஹீட்டரப் போட்டா நனஞ்ச சாக்க மூடி வச்ச மாதிரி ஒரு வாசன வருது." பில்டரை மாற்றிவிட்டேன், வராது என்றார். இன்னொரு நாள், பூசைக்குப் போகும்போது, "நமக்கு முன்னாடி யாரோ வந்து உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குங்க" என்றாள். "முதலாளி மகனா இருக்கும்" என்று இவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது. அப்போது வண்டி திரும்பின வளைவு எது என்றுகூட ஞாபகம் இருக்கிறது, கன்னியர் மடத்துக்குக் கீழே, யூகலிப்டஸ் மரம் சாய்ந்து கிடந்த இடம். ஸ்டெல்லாவிடமும் சொல்லியிருக்கிறாள். அது போன மாதம், பில்டர் வாங்கி அனுப்புகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் தெரியவந்தது. "உங்ககிட்ட சொன்னா வண்டிய அக்கு வேற ஆணி வேறயாக் கழட்டிப் போட்ருவீங்களாம், அப்புறம் ஞாயித்துக்கெழம பூசைக்கு நடந்துதான் போகணுமாம்" என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

முதல் கிளிப். விரலால் நெம்பினால் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையைக் கொடுத்து மெதுவாக... வெளியில் கல் உருளும் சத்தம், மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குல்லாயும் அதன் கீழே போஜனும் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், கேரட் போட்டிருக்கிறார், பால் கேனோடு போகிறவர் யார் வீட்டில் வெளிச்சம் தெரிந்தாலும் நிற்பார். "என்ன பிட்டரண்ணே, மாப்பிள்ளைய மறுபடி ஆபரேஷன் டேபிள்ள படுக்க வச்சுட்டீங்களா?" "சின்ன வேலதான் போஜா." "எல்லா ஆபரேஷனும் அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க." சிரித்துவிட்டு அவர் போயிருக்கலாம். போகவில்லை. கேனைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காலைல வண்டில உக்காந்து ரேடியோ கேக்கறீங்களா?" சவரிராயன் ஆமாம் என்று தலையாட்டினார். வண்டி அவர் கைக்கு வந்த எட்டு வருஷத்தில் அந்த ரேடியோ ஒரு நாளும் பாடியதில்லை. "இல்ல, நேத்து எம் பொண்டாட்டி தோட்டத்துல நின்னுட்டிருந்தவ அப்படியே ஓடி வந்துட்டா. வண்டிக்குள்ள ரெஜினாக்கா இருமுறாங்கங்கறா. நான் போய்க் கேட்டேன். எனக்கும் அப்படித்தாண்ணே கேட்டுச்சு. மூணு மூணா இருமி, கடைசில ஒரு இழுப்பு இழுப்பாங்கல்ல. அவ விபூதி எடுத்துப் பூசிக்கிட்டு இன்னும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறா." "நான்தான் இருமினேன்." "நானும் அதையேதான் சொன்னேன். ஆம்பள இருமல் எனக்குத் தெரியாதாங்கறா." போஜன் கேனை எடுத்துக்கொண்டார். "டாக்டரப் பாருங்கண்ணே. சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க." மஞ்சு அவரை இரண்டு அடியில் விழுங்கிக்கொண்டது, கேன் பிடியின் கிணுகிணுப்பு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நடந்து போயிற்று.

ஆம்பள இருமல் எனக்குத் தெரியாதா. தெரியாதுதான், யாருக்குத் தெரியும். தான் இருமும்போது தன் காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை அவர் கவனித்ததில்லை. கவனித்திருக்கிறார். கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி இருந்திருக்கிறார். ரெஜினா போன பிறகு ஒரு வருஷம் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அந்த வருஷம் முழுக்க வீட்டில் அவள் எங்கேயும் இல்லை. சேலைகளை ஸ்டெல்லா எடுத்துப் போனாள், தலையணை உறையைத் துவைத்தாயிற்று, அவள் முகமே போட்டோவில் இருக்கிற முகமாக மாறிக்கொண்டு வந்தது. போன டிசம்பரில், பேட்டரி செத்துவிடுமே என்று ஸ்டார்ட் செய்து, குளிருக்கு ஹீட்டரைத் திருகினார். மூன்று நிமிஷம் வெறும் குளிர்க்காற்று. அப்புறம் சூடு வந்தது, சூட்டோடு அவள் வந்தாள். அப்படித்தான் அவருக்கு இருந்தது, வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. நனைந்த கம்பளி, தேங்காயெண்ணெய், ஸ்வெட்டரில் இருந்த பாச்சை உருண்டை, எல்லாம் ஒன்றாக, பக்கத்தில், இடதுபக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பினால் இருக்கமாட்டாள் என்று தெரியும், அதனால் திரும்பவில்லை. இஞ்சின் அதிர்வுக்கு இடது இருக்கையின் தோல் லேசாக முனகியது, ஆள் சரிந்து உட்காரும்போது முனகுவது போல. அன்றிலிருந்து தினமும் காலையில் ஜெபம் முடித்து, காபி குடித்து, இருபது நிமிஷம். முதலில் பேசாமல் இருந்தார். அப்புறம் பேசினார். பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணி ரெண்டு நாளா வரல, ஸ்டெல்லா மகன் ஒன்றாவது போறான், சர்ச்சுல சாமியாரு மாறிட்டாரு, இப்படி. பதில் வந்தது என்று சொல்லமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அடுத்ததைச் சொல்லலாம் என்று தோன்றுகிற அந்த இடைவெளி, அது தனியாக இருக்கும்போது யாருக்கும் தோன்றாது. அந்த இடைவெளியில்தான் இந்த நவம்பரில் இருமல் வர ஆரம்பித்தது. அவருக்கா, அவளுக்கா என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

இரண்டாவது கிளிப் வந்தது. மூன்றாவது உடைந்தது. பிளாஸ்டிக் உடைகிற சத்தத்துக்குக் கை நின்றுவிட்டது. இப்போதும் மூடிவிடலாம், பஸ்ஸில் போகலாம். மூடிவிட்டால் அவள் இருப்பாள். திறந்தால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். டாக்டரம்மா அன்றைக்குக் கேட்டது வரிசையாக வருகிறது. வீட்டில் புறா வளர்க்கிறீங்களா, இல்லீங்க. கோழி, கிளி, இல்லீங்க. சுவரில ஈரம் ஊறிப் பூசணம் பிடிச்சிருக்கா, பாத்ரூம்ல இருக்குங்க, கொஞ்சம். தூசில வேலையா, நான்தாங்க தேயிலைத் தூசில இருந்தேன், அவங்க கான்வென்ட்ல தையல் டீச்சர். "ஏதோ ஒண்ண இவங்க ரொம்ப நாளா சுவாசிச்சிருக்காங்க, நுரையீரல் அத ஒத்துக்கல, உள்ள தழும்பு தழும்பா ஆயிருச்சு. அது என்னன்னு தெரிஞ்சா அத நிறுத்தலாம். யோசிச்சுப் பாருங்க" என்றாள் டாக்டரம்மா. அவர் யோசித்தார். ஊருக்கு வந்து பாத்ரூம் சுவரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கை புண்ணாகத் தேய்த்தார், சுண்ணாம்பு அடித்தார், மெத்தையை வெயிலில் போட்டார், அடுத்த வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்த மாடப்புறாக்களைக் கல்லால் விரட்டினார். காரை யோசிக்கவில்லை. கார் சுத்தம். காரில்தான் வருஷா வருஷம் பில்டர் மாற்றுகிறாரே. அந்தக் காரில்தான் கடைசியாக அவளைக் கீழே கூட்டிப் போனார். ஜனவரி, விடிந்தும் விடியாத நேரம், குளிருது குளிருது என்றாள், ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டு ஹீட்டரை உச்சத்தில் வைத்து அவள் முகத்துக்கு நேராகத் துவாரத்தைத் திருப்பிவிட்டார். அவர் கையால் திருப்பினார். மேட்டுப்பாளையம் வரைக்கும் அவள் முகத்துக்கு நேராக. பத்தாவது வளைவில் துவாரத்தைக் கையால் மூடப் பார்த்தாள், "சூடு வரட்டும்மா" என்று அவள் கையை எடுத்து மடியில் வைத்தார்.

இரண்டு பெட்டிக் காற்றும் ஒரே காற்றாடியில்தான் கலக்கிறது. புத்தகத்தில் படம் இருக்கிறது. அதனால் அவள் சுவாசித்ததைத்தான் அவரும் சுவாசித்தார். தனக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லையே. ஆகவில்லை என்றால் காரில் ஒன்றுமில்லை. காரில் ஒன்றுமில்லை என்றால் இப்போது ஏன் இருமல். வயசு. குளிர். முப்பத்தோரு வருஷத் தேயிலைத் தூசு. சில உடம்பு ஒத்துக்கும், சிலது ஒத்துக்காது, ஒரே வீட்டுல ஒருத்தருக்கு வரும் ஒருத்தருக்கு வராது என்று டாக்டரம்மாவே சொன்னாளே. அவள் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தன் உடம்பு ஆறு வருஷம் ஒத்துக்கொண்டு ஏழாவது வருஷம். ஆனால் ஏழாவது வருஷம் தினமும் இருபது நிமிஷம். இப்படி மூன்று நாளாகச் சுற்றுகிறது, செக்கு மாடு நின்ற இடத்துக்கே வருகிற மாதிரி ஒவ்வொரு சுற்றும் இந்த மூடியிடம்தான் வந்து நிற்கிறது. துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு நாலாவது கிளிப்பை எடுத்தார்.

மூடி தூக்கியதும் முதலில் அவர் கண்டது இலை. சில்வர் ஓக் இலைகள், சீப்பு மாதிரி வெட்டிய இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நார்நாராகக் கறுத்திருந்தன. அடியில் தண்ணீர் வடிய விட்டிருந்த ஓட்டையை அவை அடைத்திருந்தன, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, டிகாக்ஷன் நிறத்தில். அந்தத் தண்ணீரில் பாதி உடம்பு நனைந்தபடி பில்டர். அதைப் பில்டர் என்று சொல்ல அவருக்கு ஒரு கணம் ஆயிற்று. மடிப்பு மடிப்பான காகிதம் என்பது ஓரத்தில்தான் தெரிந்தது, மற்றபடி முழுக்க உரோமம். சாம்பல், அதற்குள் பச்சை, அதற்குள் வெள்ளை என்று வட்டம் வட்டமாக, கன்றுக்குட்டியின் நெற்றி போல மெத்தென்று. மடிப்புகள் ஊறிப் பருத்து மீனின் செவுள் போல அடுக்கடுக்காக நின்றன. கொட்டகைக்குள் ஒரு காற்று வந்தது. உரோமம் அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்று போனதும் நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. நிமிர்ந்தது. வெளியில் காற்று வீசுவது நின்றுவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது, ஷெட் தகரம் அசையவில்லை, மஞ்சும் அசையவில்லை. பெட்டிக்குள் மட்டும் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், தூங்குகிறவர்களின் நெஞ்சு போல. வாசனை ஈரத் துண்டையும் தாண்டி வந்தது. ஹீட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்ததெல்லாம் சும்மா, இது முழு ஆள். கம்பளி, எண்ணெய், பாச்சை உருண்டை. ரெஜினா ஒரு கை தூரத்தில் இருந்தாள். அவர் கண் கலங்கியது. கை தன்னால் துண்டின் முடிச்சுக்குப் போனது. ஒரே ஒரு மூச்சு. இதை எடுத்துவிட்டால் அப்புறம் உலகத்தில் எங்கே போனாலும் கிடைக்காது, ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு எடுத்துவிடலாம். துண்டு கழுத்துக்கு இறங்கியது.

மூச்சை இழுக்கப்போனவர் நின்றார். நனைந்த சாக்கை மூடி வைத்த மாதிரி என்று அவள்தானே சொன்னாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சொன்னாள். அவள் உயிரோடு உட்கார்ந்திருந்தபோதே இந்த வாசனை வண்டியில் இருந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன மாதிரி என்றாள். எழுந்து போகவில்லை. அது போகவே இல்லை. அவள் தன் வாசனையை வேறு ஆளுடையது என்று சொல்லியிருக்கமாட்டாள். அப்படியானால் இது அவள் இல்லை. அவளோடு வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், மழையில் கான்வென்டுக்கும், கடைசியில் கீழே ஆஸ்பத்திரிக்கும், தாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எல்லாப் பயணத்திலும் இது கூட இருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளும் வந்துவிட்டது என்று அவள் மூடியைத் தூக்கிச் சொன்னாள், பேசாதே என்று அவர் அவள் வாயை மூட வைத்தார். ஒரு வருஷமாகத் தினமும் காலையில் தண்ணீர் வராததையும் பேரன் பள்ளிக்கூடம் போவதையும் எதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்? அந்த இடைவெளியில் எது கேட்டுக்கொண்டிருந்தது? இருமல் வந்தது. மூன்று, அப்புறம் மூன்று, அப்புறம் அந்த இழுப்பு, மட்கார்டைப் பிடித்துக் குனிந்துவிட்டார். அந்த இழுப்பில் ரெஜினா தெரிந்தாள். வாசனையில் வந்த, பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற ரெஜினா இல்லை. கட்டிலில் விரல்களை விரித்துக் காற்றைப் பிடிக்கப் பார்த்தவள், பேச வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு மூச்சு மூச்சு என்று அதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தவள். இந்த வாசனை வந்த ஒரு வருஷத்தில் அவள் இப்படி ஒரு நாளும் ஞாபகத்துக்கு வந்ததில்லை.

துண்டை மேலே ஏற்றி இறுகக் கட்டினார். அப்புறம் வேலை நடந்தது, பேக்டரியில் நடப்பது போல, ஒன்றையடுத்து ஒன்று. ரொட்டி வந்த பெரிய பாலித்தீன் பை ஒன்றைப் பெட்டிக்கு மேலே பிடித்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். எதிர்பார்த்ததைவிடக் கனம், தண்ணீர் குடித்த கனம். தூக்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தது, ஒரு முறை இழுத்ததும் உறிஞ்சுகிற சத்தத்தோடு வந்தது. பைக்குள் இறக்கி வாயைக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்து அதையும் கட்டினார். தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்தார், இலைகளை வழித்தார், வடிகால் ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்தினார், பிளீச்சிங் பவுடர் கரைத்து மூன்று தரம் கழுவினார். வலது பெட்டியில் சுத்தமான தன் வடிதுணியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். இடதில் மற்றதை வைத்தார், சரிந்த மூலை சரிந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. உடைந்த கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்கினார். ஸ்டார்ட் செய்து இரண்டு கதவையும் திறந்து போட்டு ஹீட்டரை உச்சத்தில் விட்டுவிட்டு, வெளியில் நின்றார். அரைமணி நேரம் கழித்துத் தலையை உள்ளே நீட்டினார். பிளீச்சிங் வாசனை, புதுக் காகித வாசனை. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. வெந்நீர் அண்டா பக்கத்தில் நின்றால் வருமே, வெறும் சூடு, அதுதான் வந்தது. "ரெஜினா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். தன் குரல் தனியாக, பக்கத்தில் யாரும் இல்லாத காருக்குள் கேட்டது. இருக்கை முனகியது. இஞ்சின் ஓடினால் அது முனகும்.

ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தார். "மாத்திட்டேன்." "ரெண்டையுமா?" "ரெண்டும். அம்மா பக்கம் ஒண்ணு இருந்துச்சு. அது எனக்குத் தெரியாது." அவரே சொன்னார், ஒவ்வொரு வார்த்தையாக, நான் அத ஒரு தடவையும் மாத்தல, உள்ள பூசணம், நிறைய, இத்தனை வருஷமா அவ அதத்தான். மூச்சு விட இரண்டு முறை நிறுத்தினார். மறுமுனையில் ஸ்டெல்லா அழுகிறாளா என்று தெரியவில்லை. "தெரியாதுன்னா தெரியாதுதானப்பா" என்றாள். அப்புறம், "அத எறிஞ்சுட்டீங்களா?" "இல்ல. கட்டி வச்சிருக்கேன்." "எறியாதீங்க. டாக்டர்கிட்ட காட்டணும். அவங்க அதுல என்ன இருக்குன்னு பாப்பாங்க. உங்களுக்கு அதுதானான்னும் பாப்பாங்க." "அம்மாவுக்கு அதுதானான்னும் தெரிஞ்சுருமா?" "அது தெரியாதுப்பா. அம்மாவப் பாக்க முடியாதுல்ல." "சரி." "சரின்னா வர்றீங்கல்ல?" "வர்றேன். தினமும் காலைல அந்த வண்டில உக்காந்துட்டிருந்தேன் ஸ்டெல்லா, ஹீட்டரப் போட்டுட்டு. அதயும் டாக்டர்கிட்ட நீயே சொல்லிரு, எனக்குச் சொல்ல வராது." "நீங்களே சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா, கோபமாக, அழுதுகொண்டுதான் இருந்தாள். "நீங்களே வந்து சொல்லுங்க. ஜன்னல இறக்கி விட்டுட்டு வாங்க."

குளித்து, சட்டை மாற்றி, பழைய எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு வந்தபோது மஞ்சு கொஞ்சம் விலகித் தேயிலைச் சரிவின் மேல்வரி தெரிந்தது. பை கொட்டகைத் தரையில் இருந்தது. கட்டியிருந்த பாலித்தீனின் உட்புறம் அதற்குள் வேர்த்துத் துளித்துளியாக நின்றது. டிக்கியைத் திறந்து அதில் வைக்கப் போனார். வைக்கவில்லை. பின்னால் வைத்தால் வழிநெடுகக் கண்ணில் படாது. கண்ணில் படாமல் அது இருந்தது போதும். முன்னால் கொண்டு வந்து வைத்தார், இரண்டு ஜன்னலையும் கடைசி வரை இறக்கினார், வண்டியை எடுத்தார். முதல் வளைவிலேயே அது சரிந்து கியர் பக்கம் உருண்டு வந்தது. ஓரம் கட்டி நிறுத்தி அதை நிமிர்த்தி வைத்தார். அதற்கப்புறம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் அது இடது இருக்கையில், பெல்ட் போட்டபடி இருந்தது.